குழந்தைக்கு வீட்டார் குரலில் பாட்டு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை நெருங்கும் நாள்களில் காலையில் நாளிதழைப் பிரித்தால் உள்ளிருந்து நான்கைந்து துண்டு விளம்பரங்கள் விழுகின்றன. அவற்றுள் இரண்டேனும் இசை வகுப்புகளைப் பற்றியவை. "மூன்று வயது முதல்" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டு, வாய்ப்பாட்டு, கீபோர்டு, டிரம்ஸ் என்று வரிசைப்படுத்தி, தேர்வும் சான்றிதழும் உண்டு என்று அடியில் சேர்த்திருக்கிறார்கள். இசை கற்பிப்போரின் தொழிலைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்களில் பலர் மிகுந்த அர்ப்பணிப்போடு உழைப்பவர்கள் என்பதை நான் அறிவேன். ஆனால், வகுப்பில் சேர்ப்பதற்கு முன்பே குழந்தைக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஒன்று நம் வீடுகளில் இருந்து ஓசையின்றி மறைந்துகொண்டிருக்கிறது. வீட்டில் உள்ளவர்கள் குழந்தையோடு சேர்ந்து தங்கள் சொந்தக் குரலில் பாடுவதைத்தான் சொல்கிறேன். இதைப் பற்றித் தங்கள் வாசகர்களோடு சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன்.

நான் கும்பகோணத்தை அடுத்த சிற்றூர் ஒன்றின் தொடக்கப் பள்ளியில் முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள்; அதில் பெரும்பகுதி ஒன்றாம் வகுப்பு ஆசிரியையாக. என் மகளும் மாப்பிள்ளையும் சென்னையில் வேலை பார்க்கிறார்கள். பேத்தியைப் பார்த்துக்கொள்ளச் சென்ற ஆண்டு ஆறு மாதங்கள் அவர்களோடு தங்கியிருந்தேன். அப்போது அவளுக்கு இரண்டு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. சோறு ஊட்டும்போது அவள் எதிரே கைபேசியை வைத்து, அதில் குழந்தைப் பாடல்களை ஓடவிடுவது அந்த வீட்டின் வழக்கம். அந்த வீட்டுக்கு மட்டும் உரிய வழக்கமும் இல்லை, அந்த அடுக்ககத்தின் எல்லா வீடுகளிலும் அதுதான். ஒரு நாள் கைபேசியை எடுத்து வைத்துவிட்டு, அவள் அடிக்கடி கேட்கும் பாட்டைப் பாடிக் காட்டச் சொன்னேன். இரண்டு அடிகளை மழலையில் அழகாகப் பாடினாள். மூன்றாவதாக ஒரு சலவைத்தூள் விளம்பரத்தின் வாசகத்தை அதே மெட்டில் சொல்லிவிட்டு, பிறகு பாட்டின் அடுத்த அடிக்குப் போனாள். அந்த இடத்தில் வழக்கமாக விளம்பரம் குறுக்கிட்டதால், அதுவும் பாட்டின் ஓர் அடி என்றே குழந்தை நினைத்திருக்கிறாள். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அன்றிரவு வெகுநேரம் உறக்கம் பிடிக்கவில்லை.

அவள் மீது பிழை ஒன்றும் இல்லை. எது பாட்டு, எது பாட்டில்லை என்று சொல்ல எதிரே ஓர் ஆள் இருந்திருந்தால் அவள் அறிந்திருப்பாள். கைபேசி குழந்தையின் முகத்தைப் பார்ப்பதில்லை. குழந்தை ஓரடியில் தயங்கி நின்றால் அது தானும் நின்று காத்திருப்பதில்லை. குழந்தை தலையைத் திருப்பிக்கொண்டாலும், தூங்கிப் போனாலும், அழுதாலும் அது தன் வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும்.

என் அப்பாயி தூளியை ஆட்டிக்கொண்டு பாடியதை நினைத்துப் பார்க்கிறேன். என் தம்பிக்காக அவர் பாடியபோது எனக்கு ஆறு வயது. தூளி கட்டியிருந்த உத்தரத்தின் கீழேயே படுத்திருந்து கேட்டிருக்கிறேன். தொடக்கத்தில் நிறைய சொற்கள் வரும். அடித்தது யார், அத்தையா, மாமனா என்று கேட்டு, மாமன் வாங்கிவரப் போகும் பொருள்களையெல்லாம் ஒவ்வொன்றாக அடுக்கி, அந்த மாமனின் ஊரையும் அவ்வூர்ச் சந்தையையும் வருணித்து, பாட்டு நீண்டுகொண்டே போகும். குழந்தையின் கண்கள் செருகத் தொடங்கியதும் சொற்கள் குறையும். பிறகு "ஆராரோ ஆரிரரோ" என்பது மட்டும் மீந்திருக்கும். அதுவும் தேய்ந்து வாய்மூடிய முனகலாகி, கடைசியில் தூளிக் கயிற்றின் கிறீச்சொலி மட்டும் கேட்கும். தம்பி சிணுங்கினால் முனகல் திரும்பி வரும். அழுதால் மாமனும் சந்தையும் திரும்பி வருவார்கள். பாடுபவரும் கேட்பவரும் ஒரே கயிற்றின் இரு முனைகளைப் பிடித்திருந்தார்கள் என்பதை நான் பிற்காலத்தில்தான் புரிந்துகொண்டேன். தம்பி தன் தாய்மாமனை நேரில் பார்க்கும் முன்பே பாட்டின் வழியாக அறிந்திருந்தான். உறவுமுறையை அவன் கற்றது அந்தத் தூளியில்தான். பாடியவருக்கும் அதில் ஓர் ஆறுதல் இருந்தது. பகலில் யாரிடமும் சொல்ல முடியாத மனக்குறைகளை அப்பாயி மாமனைப் பற்றிய அடிகளுக்கு நடுவே செருகிவிடுவார். அவர் பாடி முடித்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை இரண்டொரு முறை பார்த்திருக்கிறேன்.

தால் என்றால் நாக்கு. நாவை ஆட்டிப் பாடுவது தாலாட்டு. தாராட்டு, ராராட்டு, ஓராட்டு என்றும் வெவ்வேறு ஊர்களில் இதற்குப் பெயர்கள் உண்டு. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்தைப் பள்ளிப் பாடமாகப் படித்த பலர், அதன் பத்துப் பருவங்களைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்திருப்பார்கள். பேத்தியோடு இருந்த மாதங்களில் அந்தப் பருவங்களை வேறொரு கண்ணோடு மீண்டும் படித்தேன். குழந்தை ஒரு காலை மடித்து, இரு கைகளையும் தரையில் ஊன்றி, தலையை உயர்த்தி அசையும்போது பாடுவது செங்கீரை. உறங்க வைப்பது தால். இரு கைகளையும் கொட்டச் சொல்வது சப்பாணி. தளர்நடை போட்டு வரும்படி அழைப்பது வருகை. நிலவை விளையாட அழைப்பது அம்புலி. சற்றே வளர்ந்த ஆண் குழந்தையின் கையில் சிறுபறையைக் கொடுத்து முழக்கச் சொல்வதும், பெண் குழந்தையை அம்மானைக்கும் ஊசலுக்கும் அழைப்பதும் பிற்பட்ட பருவங்கள். குழந்தையின் உடம்பு எந்த மாதத்தில் எதைச் செய்ய முனைகிறதோ அதற்கேற்ற பாட்டையும் தாளத்தையும் நம் முன்னோர் வகுத்து வைத்திருக்கிறார்கள். முதுகு நிற்காத குழந்தைக்குப் பறை கொடுக்கவில்லை. கைகொட்டப் பழகிய பிறகே நடக்க அழைக்கிறார்கள். இவை ஏட்டில் தெய்வங்களையும் அரசர்களையும் குழந்தையாக்கிப் பாடப்பட்டவைதாம். எனினும், வீட்டு முற்றத்தில் நிகழ்ந்ததைக் கூர்ந்து பார்க்காமல் புலவர் எவரும் அவற்றை எழுதியிருக்க முடியாது.

இந்த இடத்தில் தந்தையர்க்கு ஒன்று சொல்ல வேண்டும். குழந்தைக்குப் பாடுவது பெண்களின் வேலை என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. யசோதையாகத் தம்மைப் பாவித்துக் கண்ணனுக்குத் தாலாட்டுப் பாடிய பெரியாழ்வார் ஓர் ஆண்மகன். குலோத்துங்க சோழனைக் குழந்தையாக்கிப் பிள்ளைத்தமிழ் பாடிய ஒட்டக்கூத்தரும், மதுரை மீனாட்சிக்குப் பாடிய குமரகுருபரரும் ஆண்களே. இதை என் மாப்பிள்ளையிடம் ஒருநாள் சொன்னேன். "எனக்குப் பாடவே வராதுங்க அத்தை. ஸ்கூல்ல பிரேயர்ல கூட வாயசைக்கத்தான் செய்வேன்" என்றார். "நல்லாப் பாடணும்னு யாரு கேட்டா மாப்பிள்ளை? அவளுக்கு வேண்டியது உங்க குரல்" என்றேன். அவருக்குக் கூச்சம். மறுநாள் குழந்தையைக் குளிப்பாட்டும்போது, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கல்லூரி நாள்களில் கேட்ட ஒரு திரைப்படப் பாட்டின் பல்லவியை மட்டும் பாடினார். சுருதி ஓரிடத்தில் நிற்கவில்லை. அதற்கடுத்த நாளும் அதே பல்லவி. பத்து நாள்களுக்குள் ஒரு மாற்றம் தெரிந்தது. அவர் வேண்டுமென்றே கடைசிச் சொல்லைப் பாடாமல் நிறுத்துவார், தண்ணீர் சொட்டும் தலையோடு குழந்தை அந்தச் சொல்லை முழங்குவாள், இருவரும் சிரிப்பார்கள். பிறகு அவள் அந்தச் சொல்லுக்கு முந்தைய சொல்லையும் பிடித்துக்கொண்டாள். மூன்று வாரங்களில் பல்லவி அவளுடையதாகிவிட்டது. சலவைத்தூள் அதில் நுழையவே இல்லை.

அவருக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். ஆண்கள் தங்களுக்கு இயல்பான தாழ்ந்த சுருதியில் பாடினால் சின்னஞ்சிறு குழந்தையால் சேர்ந்து பாட முடியாது. தொண்டையை அழுத்தி முக்கும். சற்று ஏற்றிப் பாட வேண்டும், மெதுவாகவும் பாட வேண்டும். மூன்று நான்கு சுரங்களுக்குள் சுற்றிவரும் மெட்டாக இருந்தால் இன்னும் நல்லது. நம் நாட்டுப்புறத்துச் சிறுவர் பாடல்கள் பெரும்பாலும் அப்படி அமைந்திருப்பது தற்செயல் ஆகாது. திரைப்பாட்டைப் பாடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தாராளமாகப் பாடலாம். பொருள் குழந்தைக்குப் பொருந்துவதாக இருந்தால் போதும். கவிமணியும் அழ. வள்ளியப்பாவும் குழந்தைகளுக்கென்றே எழுதி வைத்த செல்வம் நம்மிடம் இருக்கிறது, அதையும் பாடலாம். தேவாரமோ, திருப்பாவையோ, ஞானப்பாட்டோ, நாகூர் அனீபா பாடிய பாட்டோ, அந்தந்த வீட்டில் எது உயிரோடு இருக்கிறதோ அதைப் பாடலாம். வீட்டில் உள்ளவர்களுக்கு உண்மையில் பிடித்த பாட்டாக இருக்க வேண்டும் என்பதே என் கட்சி. பிடிக்காத பாட்டைக் கடமைக்காகப் பாடும் குரலைக் குழந்தை எளிதில் கண்டுகொள்கிறது.

இதற்கெல்லாம் ஆராய்ச்சிச் சான்று உண்டா என்று என் மகள் கேட்டாள். அவள் படிப்பு அப்படி. உண்டு. வயிற்றில் இருக்கும் சிசு ஆறு மாதங்களைக் கடந்த பின் வெளி ஓசைகளுக்கு அசைவு காட்டத் தொடங்குகிறது. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள் பிற பெண்களின் குரலைவிடத் தங்கள் தாயின் குரலையே கேட்க விரும்புகின்றன என்பதை, அவை சூப்பானைச் சப்பும் விதத்தை அளந்து 1980-இல் டிகேஸ்பர், ஃபைஃபர் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2003-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பட்ரீசியா குல் குழுவினர் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுகிறது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளில் ஒரு பிரிவினரிடம் சீன மொழி பேசும் ஒருவர் நேரில் அமர்ந்து கதை படித்து விளையாடினார். இன்னொரு பிரிவினர் அதையே திரையில் பார்த்தார்கள். வேறு சிலர் ஒலியை மட்டும் கேட்டார்கள். நேரில் பழகிய குழந்தைகள் அம்மொழியின் ஒலி வேறுபாடுகளைப் பிரித்தறியக் கற்றன. திரையும் ஒலிப்பதிவும் எதையும் கற்றுத்தரவில்லை. அந்த ஆய்வு மொழியொலியைப் பற்றியது, இசையைப் பற்றியதன்று. அதை அளவுக்கு மீறி நீட்டக்கூடாது. ஆயினும், எதிரே இருக்கும் ஆளிடமிருந்துதான் சிறு குழந்தை கற்கிறது என்பதை முப்பத்தொரு ஆண்டுகள் வகுப்பறையில் பார்த்தவளுக்கு அது புதிய செய்தியாகத் தோன்றவில்லை.

தாளத்துக்கும் ஒரு சான்று இருக்கிறது. கனடாவில் உள்ள மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2014-இல் வெளியான ஆய்வில், பதினான்கு மாதக் குழந்தைகளைப் பாட்டுக்கேற்ப ஒருவர் தூக்கிவைத்து ஆட்ட, எதிரே நின்ற இன்னொருவர் அதே தாளத்தில் ஆடினார். சில குழந்தைகளுக்கு எதிரில் நின்றவரின் தாளம் வேண்டுமென்றே மாற்றப்பட்டது. பின்னர் அவர் கைதவறி விழவிட்ட பொருளை எடுத்துக் கொடுத்து உதவியவர்களில், ஒரே தாளத்தில் ஆடிய குழந்தைகளே மிகுதி. சேர்ந்து ஆடியவரைக் குழந்தை தன்னைச் சேர்ந்தவராகக் கொள்கிறது. கும்மியும் கோலாட்டமும் ஆடிய ஊர்களில் இதைச் சொன்னால் வியப்படைய மாட்டார்கள்.

அதே வேளையில், ஆராய்ச்சியின் பெயரால் விற்கப்படும் பொய்களையும் சுட்டிக்காட்ட வேண்டும். கருவுற்ற பெண்கள் குறிப்பிட்ட இசைத்தட்டைக் கேட்டால் குழந்தை அறிவாளியாகப் பிறக்கும் என்று இன்றும் விளம்பரம் செய்கிறார்கள். இதன் வேர் 1993-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சிறிய ஆய்வு. மேற்கத்திய இசையமைப்பாளர் மோட்சார்ட்டின் இசையைப் பத்து நிமிடம் கேட்ட கல்லூரி மாணவர்கள், காகிதத்தை மடித்து வெட்டினால் எப்படி இருக்கும் என்பது போன்ற ஒருவகைக் கணக்குகளைச் சற்றுக் கூடுதலாகச் செய்தார்கள். அந்தப் பலனும் கால் மணி நேரத்துக்குள் கரைந்துவிட்டது. அதில் பங்கேற்றவர்கள் 36 பேர். ஒருவரும் குழந்தை இல்லை. ஆனாலும் ஐந்தே ஆண்டுகளில், ஜார்ஜியா மாநில ஆளுநர் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு வழங்க அரசுப் பணத்தை ஒதுக்கக் கோரும் அளவுக்கு அந்த நம்பிக்கை பரவிவிட்டது. இசையால் கணக்கில் மதிப்பெண் கூடும் என்று சொல்லி விற்பவர்களிடம் பெற்றோர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். குழந்தைக்குப் பாட்டுத் தேவைப்படுவது அது பாட்டு என்பதற்காகவே.

என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஒரு சிறுவன் இரண்டு மாதங்கள் வாயே திறக்கவில்லை. பெயர் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான். ஊமையோ என்று சக ஆசிரியர் ஒருவர் ஐயப்பட்டார். ஒரு பிற்பகலில் மேசையைத் தட்டிக்கொண்டே ஒரு பாட்டைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்த அந்த நொடியில், கடைசி வரிசையில் இருந்து ஒரு குலவை எழுந்தது. நாவைச் சுழற்றி, வயல்வெளியே அதிரும்படி பெண்கள் எழுப்பும் அதே குலவை. வகுப்பே திரும்பிப் பார்த்தது. அந்தப் பையன்தான். அவன் தாய் நடவுக்குப் போகும்போது அவனை வரப்பில் உட்கார வைத்துவிட்டு இறங்குவாராம். பெண்கள் வரிசையாக நட்டுக்கொண்டு பின்னே நகர்கையில் ஒருவர் முன்பாட்டுப் பாட மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். முடிவில் குலவை விழும். பாட்டு முடிந்தால் குலவை போட வேண்டும் என்று மூன்று ஆண்டுகளாக வரப்பில் உட்கார்ந்து கற்றிருக்கிறான் அந்தப் பிள்ளை. அன்று முதல் என் வகுப்பில் எந்தப் பாட்டு முடிந்தாலும் குலவை அவனுடைய பொறுப்பாயிற்று. பேச்சு அதன் பின்னாலேயே வந்தது. அந்த ஊரில் இப்போது பெரும்பாலும் நடவு இயந்திரம் இறங்குகிறது. குனிந்து குனிந்து நட்டவர்களின் இடுப்புவலியை அறிந்தவள் நான். இயந்திரம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால், அந்த வரப்பில் கிடைத்த பாட்டைக் குழந்தை இனி எங்கே போய்க் கேட்கும் என்பதை யாரேனும் எண்ணிப் பார்த்தோமா?

வகுப்பும் தேர்வும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏழெட்டு வயதில், தானாக விரும்பும் குழந்தைக்கு நல்ல ஆசிரியர் கிடைத்தால் அது பெரும்பேறு. மூன்றரை வயதுக் குழந்தையை ஒரு மணி நேரம் சம்மணமிட்டு உட்கார வைத்து, கருநாடக இசையின் தொடக்கப் பயிற்சியான சரளி வரிசையை ஒப்பிக்கச் செய்து, அதைக் காணொளியாக எடுத்து உறவினர்களுக்கு அனுப்புவதைத்தான் எதிர்க்கிறேன். தொலைக்காட்சிப் போட்டி மேடைகளில் பால்மணம் மாறாத பிள்ளைகள், பெரியவர்களின் காதல் ஏக்கத்தைச் சொல்லும் பாடல்களை அங்க அசைவுகளோடு பாடுவதையும், மதிப்பெண் குறைந்ததும் படக்கருவியின் முன்னே உதடு பிதுங்கி அழுவதையும் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. பாட்டு என்றால் பிறர் முன் வெல்வது அல்லது தோற்பது என்று ஐந்து வயதில் கற்ற குழந்தை, ஐம்பது வயதில் தன் பேரனைத் தூங்க வைக்கப் பாடுமா? என் மாப்பிள்ளையைப் போலக் கதவைச் சாத்திக்கொள்ளும்.

சென்ற மார்கழியில் பேத்தியை ஒரு மண்டபத்தில் நடந்த பகல் கச்சேரிக்கு அழைத்துச் சென்றேன். பின்வரிசையில், வாசலுக்கு அருகே உட்கார்ந்தோம். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் குழந்தை என் தொடையில் தட்டத் தொடங்கினாள். சிறிது நேரத்தில் "தா, தா" என்று சொல்லவும் செய்தாள். இருவர் திரும்பிப் பார்த்தார்கள். அரங்கப் பணியாளர் வந்து, குழந்தையை வெளியே அழைத்துச் செல்லும்படி மரியாதையாகவே கேட்டுக்கொண்டார். மற்றவர்கள் பணம் கொடுத்து வந்திருக்கிறார்கள்; அவர் தம் கடமையைச் செய்தார். நாங்கள் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்தோம். உள்ளிருந்து மிருதங்கம் மெல்லிதாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் படிக்கல்லில் தட்டிக்கொண்டே இருந்தாள். அதற்கு இரண்டு மாதங்கள் கழித்துக் கும்பகோணத்தில் சுவாமி புறப்பாட்டின்போது நாகசுரத்தையும் தவிலையும் கேட்டாள். அங்கே அவளை வெளியே போகச் சொல்ல யாரும் இல்லை. என் மருமகன் தோளில் உட்கார்ந்து, அவர் தலையையே தவிலாக்கி முழக்கினாள். கோயிலில் பள்ளியறைச் சேவைக்கு வாசிக்கும் நீலாம்பரி ராகத்தைக் கேட்டபடி அவர் தோளிலேயே தூங்கியும் போனாள். நூற்றாண்டுகளாக நம் குழந்தைகள் இசை கேட்டது இப்படித்தான். ஓடிக்கொண்டும், பொரி தின்றுகொண்டும், பெரியவர்களின் தோளில் தூங்கிக்கொண்டும்.

ஆகவே மார்கழி இசை விழா நடத்தும் சபைகளுக்கு ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு காலைப் பொழுதை, ஒரே ஒரு மணி நேரத்தை, ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளோடு வரும் குடும்பங்களுக்கென்று ஒதுக்குங்கள். நாற்காலிகளை எடுத்துவிட்டு ஜமுக்காளத்தை விரியுங்கள். ஒலிபெருக்கியைக் குறைத்து வையுங்கள், முடிந்தால் எடுத்தே விடுங்கள். குழந்தைகள் கைதட்டலாம், எழுந்து நடக்கலாம், கஞ்சிராவையும் கடத்தையும் தொட்டுப் பார்க்கலாம் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். எதைப் பாடுவது என்ற கவலை வேண்டாம். இளமையில் மணலியில் வாழ்ந்தபோது ஆங்கிலேயரின் பேண்டு வாத்தியத்தைக் கேட்ட பழக்கத்தால் முத்துசுவாமி தீட்சிதர் இயற்றிய நோட்டுசுரங்கள் இருக்கின்றன. துள்ளி நடக்கும் மெட்டுகள், சிறு குழந்தைகளுக்கென்றே அமைந்தவை போல இருக்கும். தாளத்தை வாயால் சொல்லும் சொற்கட்டுகள் இருக்கின்றன, "தகதிமி" என்று ஒருவர் சொல்ல நூறு மழலைகள் திருப்பிச் சொன்னால் அதைவிடப் பெரிய கச்சேரி எது?

ஒலிபெருக்கியைப் பற்றிச் சொன்னதால் ஒன்றைச் சேர்க்கிறேன். திருமண வரவேற்புகளில் மெல்லிசைக் குழுவின் ஆளுயரப் பெட்டிகளுக்கு முன்னால் கைக்குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கிறார்கள். குழந்தைகள் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதாக இருந்தால் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. ஓசை கூடக்கூட அந்த நேரம் மிக வேகமாகச் சுருங்கும். கைநீட்டும் தொலைவில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடம் குழந்தையின் காதுக்கு ஆகாது. வணங்கிக் கேட்கிறேன், எழுந்து பின்வரிசைக்குப் போய்விடுங்கள்.

திரையைப் பொறுத்தவரை, ஒரு வயது முடியாத குழந்தைக்கு அறவே வேண்டாம், ஒரு வயதுக் குழந்தைக்கும் உகந்ததன்று, இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று அதே நிறுவனம் 2019-இல் வழிகாட்டியிருக்கிறது. கருவியின் மீது எனக்குப் பகை இல்லை. வெளிநாட்டில் இருக்கும் பேரனுக்குக் கைபேசியில் முகம் பார்த்துப் பாடும் பாட்டிகளை அறிவேன். அங்கே பாட்டி காத்திருக்கிறாள், பேரன் பதில் சொல்கிறான். அது வேறு. வேலைக்குப் போகும் பெற்றோருக்கு நேரமில்லை என்பதையும் அறிவேன். தனியாக நேரம் ஒதுக்கச் சொல்லவில்லை. எண்ணெய் தேய்க்கும் நேரம், தலை சீவும் நேரம், விளக்கேற்றும் நேரம், வண்டியில் போகும் நேரம் ஆகியவை ஏற்கெனவே இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டு, எப்போதும் அதே பாட்டு. பெரியவர்களுக்குச் சலிக்கும், குழந்தைக்குச் சலிக்காது. நூறாவது முறை கேட்கும்போதுதான் அது தானும் பாடத் துணிகிறது. கையில் கொடுக்கப் பனையோலைக் கிலுகிலுப்பையோ, இரண்டு கொட்டாங்கச்சியோ, கவிழ்த்த குண்டானோ போதும்.

அங்கன்வாடிகளைப் பற்றியும் அரசின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் மையங்கள் இருக்கின்றன. அவற்றின் முன்பருவக் கல்விப் பாடத்திட்டத்துக்கு "ஆடிப்பாடி விளையாடு பாப்பா" என்று பொருத்தமாகப் பெயரிட்டிருக்கிறார்கள். ஆடவும் பாடவும் அந்தப் பணியாளர்களுக்கு நேரம் வேண்டுமே. எடை பார்ப்பது, பதிவேடு எழுதுவது, செயலியில் பதிவேற்றுவது என்று ஒரே ஆள் திண்டாடுகிறார். அவருடைய சுமையைக் குறைப்பதோடு, வாரத்தில் ஒரு நாள் அந்த ஊரின் வயதான பெண்களில் ஒருவரை மையத்துக்கு அழைத்து, சிறிய மதிப்பூதியம் கொடுத்துக் குழந்தைகளோடு பாடச் செய்யலாம். நடவுப் பாட்டும் தாலாட்டும் கும்மியும் அறிந்தவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எழுபதைக் கடந்த அவர்களை யாரும் பாடச் சொல்லிக் கேட்பதில்லை.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. சிறுவர் பகுதியில் வாரம் ஒரு முறை, வாசகர்கள் தங்கள் வீட்டில் கேட்ட ஒரு தாலாட்டையோ விளையாட்டுப் பாட்டையோ, பாடியவரின் ஊர்ப் பெயரோடு வெளியிட முன்வர வேண்டும். அதற்கு முதலாவதாக, என் அப்பாயி பாடிய தாலாட்டைத் தனித்தாளில் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். சந்தையை வருணிக்கும் பகுதியில் இரண்டு அடிகள் எனக்கு நினைவுக்கு வரவில்லை. அந்த இடத்தைக் கோடிட்டு விட்டிருக்கிறேன். குடவாசல், வலங்கைமான் பக்கத்து ஊர்களில் இதே பாட்டைக் கேட்டவர்கள் இருந்தால், அந்த இரண்டு அடிகளைத் தங்கள் முகவரிக்கு எழுதி அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். பேத்தி இப்போது அந்த இடம் வரை வந்துவிட்டு, அடுத்தது என்ன என்று என் முகத்தைப் பார்க்கிறாள்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை,
கும்பகோணம்.